வீட்டுக் குழம்புப் பொடிக்கு ஏழு சென்ட் மல்லி

திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் வட்டாரங்களில் கால்வாய்த் தண்ணீர் எட்டாத கரிசல் காடுகள் நிறைய உண்டு. ஐப்பசி மழை இறங்கியதும் இந்தக் காடுகளில் பருத்தி, மிளகாய், கொண்டைக்கடலை, மல்லி என விதைப்பது பழைய வழக்கம். தை, மாசியில் மல்லி களத்துக்கு வந்துவிடும். அடித்துத் தூற்றிச் சாக்கில் கட்டி விருதுநகர் மண்டிக்கு ஏற்றிவிட்டால் அந்த ஆண்டு மல்லிக் கணக்கு முடிந்தது என்று விவசாயி நினைக்கிறார்.

வீட்டுக் கணக்கு அப்படி முடிவதில்லை. ஆனி, ஆடியில் அதே வீட்டிலிருந்து மளிகைக் கடைக்கு ஆள் போகிறது. மல்லித்தூள் பொட்டலம், மிளகாய்த்தூள் பொட்டலம், குழம்புப் பொடி என்று வாங்கி வருகிறார்கள். வரத்து மிகுந்து விலை இறங்கிய நேரத்தில் விற்ற பொருளையே, வண்டிக் கூலி, தரகு, அரவை, பொட்டலம் கட்டும் செலவு, கடை லாபம் எல்லாம் சேர்த்துத் திரும்ப வாங்குகிறார்கள். களத்தில் ஒரு கிலோ மல்லி என்ன விலைக்குப் போனது, கடையில் ஒரு கிலோ தூள் என்ன விலைக்கு வந்தது என்று ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விவரம் தெரியும்.

அறுவடைக் காலத்தில் கைப்பணம் தேவைப்படுகிறது. உரக் கடனும் கூலிப் பாக்கியும் காத்திருக்கின்றன. எனவே விற்றுத்தான் ஆக வேண்டும் என்பது சிறு விவசாயியின் நிலை. அதை யாரும் மறுக்க முடியாது. வீட்டுக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை விற்பதில் எவ்வளவு குறையும் என்பதே கேள்வி.

வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

மதுரைப் பக்கத்தில் குழம்புப் பொடிக்குப் பொருந்தி வரும் ஓர் அளவு இது: மல்லி 1 கிலோ, மிளகாய் வத்தல் அரைக் கிலோ, துவரம்பருப்பு 100 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், சீரகம் 100 கிராம், விரலி மஞ்சள் 100 கிராம், மிளகு 50 கிராம், வெந்தயம் 25 கிராம். வீட்டுக்கு வீடு காரமும் மணமும் சிறிது கூடலாம், குறையலாம். இந்த அளவில் அரைத்தால் ஏறக்குறைய 2 கிலோ பொடி கிடைக்கும்.

ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் ஒரு கிலோ பொடி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12 கிலோ வேண்டும். மேற்சொன்ன அளவில் ஆறு முறை அரைக்க வேண்டும். அதற்கு மல்லி 6 கிலோ, வத்தல் 3 கிலோ, பருப்பு இரண்டும் சேர்த்து 1 கிலோ 200 கிராம், வெந்தயம் 150 கிராம், சீரகம் 600 கிராம், மஞ்சள் 600 கிராம், மிளகு 300 கிராம் தேவை.

இவற்றில் மல்லி, வத்தல், துவரை, கடலை, வெந்தயம் ஐந்தும் திருமங்கலம் சுற்று வட்டாரத்து மண்ணில் விளையக்கூடியவை. சீரகம், மஞ்சள், மிளகு மூன்றும் வெளியிலிருந்து வர வேண்டியவை. கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய 12 கிலோ பொடியில் பத்தேகால் கிலோவுக்கு மேல் சொந்த நிலத்திலிருந்தே எடுக்கலாம். விலை கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றரைக் கிலோ மட்டுமே.

ரசத்துக்கும் துவையலுக்கும் மல்லி இன்னும் 2 கிலோ சேர்த்தால் மொத்தம் 8 கிலோ ஆகிறது. மானாவாரி மல்லி எக்டேருக்கு 300 முதல் 400 கிலோ வரை, அதாவது ஏக்கருக்கு 120 முதல் 160 கிலோ வரை விளைவது வழக்கம். குறைந்த விளைச்சலையே எடுத்துக்கொண்டாலும் சென்ட்டுக்கு 1 கிலோ 200 கிராம். ஆகவே ஒரு குடும்பத்தின் ஓராண்டு மல்லித் தேவைக்கு ஏழு சென்ட் நிலம் போதும். அடுத்த பட்டத்தில் ஓர் ஏக்கர் விதைக்க 10 கிலோ விதை வைத்துக்கொண்டாலும், 120 கிலோவில் 18 கிலோ எடுத்து வைத்து 102 கிலோவை விற்கலாம்.

எங்கிருந்து வந்தவை?

அஞ்சறைப் பெட்டியில் இருப்பவை எல்லாம் ஆதிகாலம் முதல் இந்த மண்ணில் இருந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பல நாட்டுச் சந்தை.

மல்லி மத்தியதரைக் கடல் நாடுகளையும் மேற்கு ஆசியாவையும் சேர்ந்த பயிர். எகிப்தில் 3,300 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட துட்டன்காமன் என்ற மன்னனின் கல்லறை 1922-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் வைத்திருந்த பொருள்களில் மல்லி விதையும் இருந்தது. சீரகமும் வெந்தயமும் அதே பக்கத்திலிருந்து வந்தவைதான்.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மெக்சிகோ மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்ததை, 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கப் பக்கம் சென்ற பிறகுதான் மற்ற நாடுகள் அறிந்தன. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கினார். அதற்குப் பின் 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக மிளகாய் இந்தியாவுக்குள் நுழைந்தது. அதற்கு முன் தமிழ்நாட்டுச் சமையலில் காரத்துக்கு மிளகுதான். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் எனப் பெயர் பெற்றது.

மிளகும் எள்ளும் இங்கிருந்து வெளியே சென்றவை. மேற்குத் தொடர்ச்சி மலை மிளகு ரோமாபுரி வரை கப்பலேறியது. எள் இந்தியத் துணைக்கண்டத்தில்தான் முதலில் பயிரானது. ஹரப்பாவில் கரிந்த எள் மணிகள் கிடைத்துள்ளன.

ஆக, வெளிநாட்டு விதை ஒன்று கரிசல் மண்ணுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் பழகிவிட்டால் அது சொந்தப் பயிர்தான். பழகாததை வலிந்து விதைப்பதில் பயனில்லை. சீரகம் இதற்கு உதாரணம். அதற்குக் குளிர்ந்த, வறண்ட காற்று வேண்டும். குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் பெரும் பரப்பில் விளைகிறது. குஜராத்தின் ஊஞ்ஜா அதற்குப் பேர்பெற்ற சந்தை. மழையும் ஈரக்காற்றும் உள்ள ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் விதைத்தால் கருகலும் வாடலும் தாக்கும். ஆண்டுக்கு 600 கிராம் சீரகத்தை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

விதைப்புக்கும் சமையலுக்கும் ஒரே மணி

மல்லியில் மக்கள் விதை என்று சொல்வது உண்மையில் காய். அதற்குள் இரண்டு விதைகள் உள்ளன. எனவே விதைக்குமுன் காயை மணையில் பரப்பி மெதுவாகத் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் முளை முறிந்துவிடும்.

மானாவாரிக்கு எக்டேருக்கு 20 முதல் 25 கிலோ விதை தேவை. ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ. வீட்டுக்கென ஏழு சென்ட் மட்டும் விதைப்பவருக்கு 700 கிராம் போதும். விதையைக் கடினப்படுத்த, ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் டை-ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் 16 மணி நேரம் ஊற வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். இப்படிச் செய்த விதை, மழை சில நாள் தள்ளிப்போனாலும் தாங்கும். முளைப்பு 8 முதல் 15 நாளில் தெரியும்.

கடைசி உழவில் ஏக்கருக்கு 4 டன் தொழு உரம் இடுவது நல்லது. எக்டேருக்குப் பரிந்துரை 10 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல் சத்து. ஏக்கர் கணக்கில் இது சுமார் 9 கிலோ யூரியா, 100 கிலோ சூப்பர் பாஸ்பேட், 13 கிலோ பொட்டாஷ் ஆகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 முதல் கோ 4 வரை மல்லி ரகங்களை வெளியிட்டுள்ளது. எந்த ரகம் எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்பதை மதுரை வேளாண்மைக் கல்லூரியிலோ, மானாவாரி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டி, அருப்புக்கோட்டை நிலையங்களிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பூக்கும் காலத்தில் அசுவினியும் சாம்பல் நோயும் வரும். அசுவினிக்கு 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம் பருப்பு வேண்டும். சாம்பல் நோய்க்கு ஏக்கருக்கு 400 கிராம் நனையும் கந்தகம் தெளிக்கலாம். மல்லிப் பூவில் தேனீ ஏராளமாக வந்து மொய்க்கும். அவை மகரந்தம் சேர்த்தால் மணி நன்றாகப் பிடிக்கும். ஆகவே காலையில் தெளிப்பதைத் தவிர்த்து, தேனீ திரும்பிய பின் மாலையில் தெளிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். பூஞ்சாண மருந்து கலந்த விதையில் மீதியாவதை எக்காரணம் கொண்டும் சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது. கழுவி உலர்த்தினாலும் கூடாது. விதைக்கு எடுத்து வைப்பதைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, அடையாளம் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மருந்து கலப்பதை விதைப்புக்கு முன்தினம் தேவையான அளவுக்கு மட்டும் செய்தால் மீதி என்ற பேச்சே வராது. வீட்டுக்கென விடும் ஏழு சென்ட்டிலிருந்து இலையும் பறிப்பதாக இருந்தால் அதில் பூச்சிமருந்து தெளிக்காமல் விடுவதே நல்லது.

அறுவடையும் காய்ச்சலும்

காய்களில் பாதி பச்சை மாறிப் பழுப்பேறியதும் செடியைப் பிடுங்கலாம். முழுதும் காயவிட்டால் மணி உதிரும். நிறமும் மணமும் குறையும். பனி ஈரம் இருக்கும் காலை நேரத்தில் பிடுங்கினால் உதிர்வது குறைவு. இரண்டு நாள் நிழலில் உலர்த்தித் தடியால் அடித்துத் தூற்ற வேண்டும். விதைக்கு வேண்டியதை மட்டும், நோயில்லாத வாளிப்பான செடிகளில் நன்றாக முற்றவிட்டுத் தனியே எடுக்க வேண்டும்.

மல்லியின் மணம் அதிலுள்ள ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. இந்திய மல்லி பெரிய மணி; அதில் இந்த எண்ணெய் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. ருஷ்யா போன்ற குளிர் நாட்டுச் சிறுமணி மல்லியில் ஒரு பங்கும் அதற்கு மேலும் உண்டு. இருப்பதே கொஞ்சம் என்பதால் அதைக் காப்பாற்றுவதில் கவனம் வேண்டும். கொளுத்தும் வெயிலில் நாள்கணக்கில் போட்டு வைத்தால் எண்ணெய் பறந்துவிடும். தூளாக்கி மாதக்கணக்கில் வைத்தாலும் அதே கதிதான். முழு மணியாக வைத்திருந்து, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதே முறை.

வத்தலில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பழுத்த மிளகாயை ஈர மண்ணில் காயப்போட்டாலும், எடை கூட வேண்டும் என்று காய்ந்த வத்தலில் தண்ணீர் தெளித்தாலும் பூஞ்சாணம் பிடிக்கும். சில பூஞ்சாணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. இது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போவதில்லை. ஆகவே மிளகாயைச் சிமெண்டுக் களத்திலோ சுத்தமான தார்ப்பாயிலோ பரப்பி, அடிக்கடி கிளறி, இரவில் பனி படாமல் மூடிவைத்துக் காயவைக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். கறுத்ததையும் பூத்ததையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். சொத்தை வத்தலை வீட்டுக்கு என்று ஒதுக்கி, நல்லதை விற்பது சில வீடுகளில் நடக்கிறது. இது குடும்பத்தாரின் உடம்பைக் கெடுக்கும் சிக்கனம்.

கடைத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. 2003-ல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொருள்களில் உணவுக்கு ஆகாத சூடான் சாயம் கலந்திருந்ததை ஐரோப்பிய நாடுகள் கண்டுபிடித்துக் கடும் சோதனை விதித்தன. வாங்கிய மிளகாய்த் தூளில் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சிட்டிகை தூவிப் பார்க்கலாம். நிறம் கோடுகோடாக உடனே இறங்கினால் சாயம் இருக்கக்கூடும். செங்கல் தூளாக இருந்தால் அடியில் நறநறவென்று தங்கும். சொந்த வத்தலைச் சொந்தமாக அரைத்தால் இந்தச் சோதனைக்கே அவசியமில்லை.

பத்திரப்படுத்துவது

காயவைத்த மல்லியைச் சூட்டோடு டின்னில் போடக் கூடாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சாணம் வரும். ஆறவைத்து, பல்லால் கடித்தால் படக்கென்று உடைகிறதா என்று பார்த்து, மூடியுள்ள தகர டின்னிலோ மண் பானையிலோ நிரப்ப வேண்டும். வசம்புத் துண்டு போட்டு வைப்பது பழைய வழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து இளவெயிலில் சிறிது நேரம் காட்டி, ஆறவைத்துத் திரும்ப நிரப்பினால் சிறு பழுப்பு வண்டு சேராது. கோணிச் சாக்கில் கட்டிச் சுவரோரம் தரையில் போட்டால் அந்த ஆண்டு மழைக்கே ஈரம் ஏறிவிடும். பலகை மேல் வைக்க வேண்டும்.

விற்பனைக்கு உள்ளதையும் அவசரப்பட்டு விற்க மனமில்லாதவர்கள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியை விசாரிக்கலாம்.

அரைக்கும்போது மல்லியையும் பருப்பையும் தனித்தனியே இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். வெந்தயம் சிவந்தால் போதும். கருகினால் பொடி முழுதும் கசக்கும். வத்தலை வெயிலில் காயவைத்தாலே போதுமானது. மில்லில் அரைத்து வந்த பொடியைத் தாளில் பரப்பி, சூடு முழுதும் ஆறியபின் டின்னில் அடைக்க வேண்டும்.

மற்ற நாட்டார் சமைக்கும் விதம்

மல்லி என்றால் குழம்பு, ரசம். எள் என்றால் பொடி, உருண்டை. வெந்தயம் என்றால் தாளிப்பு, களி. இந்த வட்டத்துக்குள்தான் பெரும்பாலான வீடுகள் நிற்கின்றன. இதே விதைகளை மற்ற நாட்டார் வேறு விதமாகச் சமைக்கிறார்கள். அவற்றில் சில, சொந்த நிலத்துப் பொருளைக் கொண்டே செய்யக்கூடியவை, செலவும் இல்லை.

எகிப்து நாட்டில் துக்கா என்று ஒரு பொடி உண்டு. எள், மல்லி, சீரகம், உப்புடன் அந்தப் பக்கத்துக் கொட்டைப் பருப்பு ஒன்றை வறுத்துக் கொரகொரப்பாக இடிப்பார்கள். ரொட்டியை எண்ணெயில் தோய்த்து இந்தப் பொடியில் தொட்டு உண்பது அவர்கள் பழக்கம். அந்தப் பருப்புக்குப் பதில் நிலக்கடலை போடலாம். எள் 100 கிராம், நிலக்கடலை 100 கிராம், மல்லி 50 கிராம், சீரகம் ஒரு மேசைக்கரண்டி, தேவையான உப்பு. தனித்தனியே வறுத்து ஆறவைத்து இடிக்க வேண்டும். நைய அரைத்தால் எண்ணெய் விட்டுக்கொண்டு உருண்டையாகிவிடும். இட்லிக்கும் கம்புத் தோசைக்கும் நல்லெண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். காரமே இல்லாததால் சிறு பிள்ளைகளும் விரும்புவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்தின் வெள்ளை எள் ரகமான எஸ்.வி.பி.ஆர் 1 இதற்கு ஏற்றது. கறுப்பு எள்ளானாலும் குற்றமில்லை.

ஏமன் நாட்டில் வெந்தயத்தை ஊறவைத்து ஹுல்பா என்ற ஒரு தொடுகறி செய்கிறார்கள். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயப் பொடியை இரவே நிறையத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி தெளியவைத்து வடித்தால் கசப்பு பெரும்பாலும் போய்விடும். பிறகு மத்தால் விடாமல் கடைந்தால் வெளுத்து நுரைத்துப் பொங்கும். பச்சை மிளகாய், தக்காளி, மல்லித்தழை, உப்பு சேர்த்து நசுக்கி இதில் கலக்க வேண்டும். கேழ்வரகுக் களிக்கும் சோளச் சோற்றுக்கும் தொட்டுக்கொள்ள இது பொருந்தும். தண்ணீர் வசதி உள்ள கிணற்றுப் பாத்தியில் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு சென்ட் வெந்தயம் விதைத்தால், மூன்று நான்கு வாரத்தில் கீரை கிடைக்கும். விட்டுவைத்தால் மூன்று மாதத்தில் விதையும் கிடைக்கும்.

தாய்லாந்தில் மல்லியின் வேரைக்கூட வீணாக்குவதில்லை. வேர், பூண்டு, மிளகு மூன்றையும் உரலில் இடித்து விழுதாக்கி, மீனிலும் இறைச்சியிலும் தடவிச் சமைக்கிறார்கள். இலையைவிட வேரில் மணம் அழுத்தமாக இருக்கும். உழவர் சந்தைக்கு மல்லிக் கட்டு கொண்டுபோகிறவர்கள் செடியை வேரோடு பிடுங்குகிறார்கள். வீட்டுக்கு எடுப்பவர்கள் வேரை வெட்டிக் குப்பையில் போடுகிறார்கள். மண் போகக் கழுவி, நசுக்கி, கோழிக் குழம்புக்கோ காளான் வறுவலுக்கோ சேர்த்துப் பார்க்கலாம்.

இலங்கைத் தமிழர் வீடுகளில் யாழ்ப்பாணத் தூள் பெயர்பெற்றது. மல்லி, வத்தல், சீரகம், சோம்பு, மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேரும். வறுப்பதில்தான் வித்தியாசம். வாசம் வந்ததும் இறக்காமல், நிறம் நன்றாக ஏறும்வரை நிதானமாக வறுப்பார்கள். பருப்பு சேர்ப்பதில்லை. அதனால் குழம்பு கெட்டியாகாமல், கறுப்புச் சிவப்பாக, மணம் தூக்கலாக இருக்கும். கத்தரிக்காய்க்கும் மீனுக்கும் இந்தத் தூள் நன்றாக ஒத்துவரும். முதல் முறை கால் கிலோ மல்லியில் செய்து பார்த்துப் பிடித்தால் அளவைக் கூட்டலாம்.

ஜப்பானில் இன்னும் எளிது. எள்ளை வறுத்து உப்புடன் அரைகுறையாக நுணுக்கிச் சோற்றின் மேல் தூவிக்கொள்கிறார்கள். எள் 8 பங்குக்கு உப்பு 1 பங்கு என்ற அளவு சரியாக இருக்கும். காட்டு வேலைக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது ஒரு சிறு டப்பாவில் இதை எடுத்துப் போகலாம்.

வத்தலில் ரகம் பார்ப்பது

வத்தலை எல்லாம் ஒன்றாகக் கருதிக் கலந்து வைப்பது சரியல்ல. நீண்ட சம்பா வத்தல் பொடிக்கு ஏற்றது. காரம் சீராக இறங்கும். உருண்டையான முண்டு வத்தல் தோல் தடித்தது. தாளிப்புக்கும் மோர் மிளகாய்க்கும் பெயர்பெற்றது. ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு வரும்போது விதைக்கும் மதிப்பு வரும். ஆகவே முண்டுச் செடியையும் சம்பாச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதிலிருந்தே விதை எடுக்கக் கூடாது. மிளகாயில் அயல் மகரந்தம் ஓரளவு சேரும். இரண்டு மூன்று ஆண்டில் இரண்டும் கெட்டதாகிவிடும். விதைக்கென நல்ல செடிகளில் நன்றாகப் பழுத்த பழங்களைப் பறித்துத் தனியே காயவைக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது?

இந்த ஏற்பாட்டுக்குப் புதுச் செலவு எதுவும் தேவையில்லை. வேண்டியது இரண்டு நல்ல டின்களும், களத்தில் ஒரு தீர்மானமும்தான். மல்லி தூற்றி முடிந்து சாக்கு கட்டும் நேரத்தில் தரகர் தராசோடு நின்றுகொண்டிருப்பார். அப்போது யோசித்தால் எல்லாம் விற்பனைக்குத்தான் போகும். எனவே தூற்றும் முன்பே, எந்த மூலை மணி நன்றாக இருக்கிறது என்று வீட்டுப் பெண்களைப் பார்க்கச் சொல்லி, விதைக்கு 10 கிலோவையும் வீட்டுக்கு 8 கிலோவையும் முதலில் அளந்து எடுத்துவிட வேண்டும்.

மழை பொய்த்து ஏக்கருக்கு 60 கிலோதான் விளைந்தது என்றாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது. அந்த மாதிரி ஆண்டில்தான் கடையில் மல்லி விலை ஏறும். விதை விலையும் ஏறும். வீட்டில் 18 கிலோ இருந்தால் இரண்டு கவலையும் இல்லை.

புரட்டாசி பிறந்ததும் விதை டின்னைத் திறந்து, 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி, தினமும் தண்ணீர் தெளித்து, 15 நாள் கழித்து முளைத்தவற்றை எண்ண வேண்டும். அறுபதுக்கு மேல் முளைத்திருந்தால் தயங்காமல் விதைக்கலாம். குறைந்தால் அதற்கேற்ப விதை அளவைக் கூட்ட வேண்டும், அல்லது நல்ல விதை தேட வேண்டும். ஐப்பசி மழை வரும் முன் அதற்கு நேரம் இருக்கும்.